நானூறு பொருளுக்கு மூன்று சாவிகள்

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் எல்லாவற்றையும்விட நீளமான பதிவு ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்கு உரியது. ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றே எழுத்து. பொருளோ 430க்கு மேல். அவற்றை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்கள் தேவைப்பட்டன. ஒரு நாவலுக்குப் போதுமான அளவு அது.

இந்தக் கணக்கைச் சொன்னதும் என் மாணவர்களின் முகம் வாடிவிடும். நான் திண்டுக்கல் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது வேடசந்தூர் பக்கம் மாலை நேரத்தில், படிப்பும் வேலையுமாக இருக்கிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாசிக்கச் சொல்லித் தருகிறேன். நர்சிங் படிக்கிற பெண்கள், மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை பார்க்கிற பையன்கள், கட்டட வேலை மேஸ்திரி ஒருவர், வக்கீல் குமாஸ்தா ஒருவர் என்று பலதரப்பட்டவர்கள் வருகிறார்கள். “ஒரு வார்த்தைக்கே நானூறு அர்த்தம்னா நாங்க எப்ப டீச்சர் இங்கிலீஷ் படிச்சு முடிக்கிறது?” என்று கேட்பார்கள்.

அவர்களுக்கு நான் தருகிற பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். நானூறையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அந்த வழியை நம் தொல்காப்பியமே வகுத்துத் தந்திருக்கிறது.

ரேடியோ செட் கட்டியவர் வீட்டில்

என் அப்பா ரேடியோ செட் தொழில் பார்த்தவர். மைக் செட் என்று பிற ஊர்களில் சொல்வதை எங்கள் பக்கம் ரேடியோ செட் என்பார்கள். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா எதுவானாலும் முதல் நாளே அப்பாவுக்கு ஆள் வந்துவிடும். அந்த ரேடியோ செட்டில் ரேடியோ இருக்காது. ஆம்ப்ளிஃபயர், இசைத்தட்டு சுழலும் பிளேயர், மைக், புளியமரத்து உச்சியில் ஏற்றும் குழாய் ஸ்பீக்கர், பேட்டரி, ஒயர் சுருள் எல்லாம் சேர்ந்ததுதான் செட். அவற்றில் ஒன்று குறைந்தாலும் அப்பா வண்டியில் ஏற்றமாட்டார். “செட்டு முழுசா இல்ல தாயி, அந்தப் பின்னு எங்க போச்சுன்னு பாரு” என்பார். சேர்ந்தே இயங்க வேண்டிய பொருள்களின் தொகுதி என்று ஆங்கில அகராதி தரும் பொருள் அந்தப் பேச்சுக்குள் முழுதாக இருந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இந்தச் சொல் மட்டும் நன்றாகத் தெரியும்.

கடைவீதியில் நடந்தால் இந்தச் சொல் நம்மோடு எவ்வளவு கலந்துவிட்டது என்று தெரியும். பம்ப் செட் என்கிறோம். தண்ணீர் இறைக்கும் பம்ப் ஒன்று, அதைச் சுற்றும் மோட்டாரோ எஞ்சினோ ஒன்று. இரண்டையும் இணைத்துப் பூட்டியதால் அது செட். பின்னால் இரண்டுக்கும் ஒரே தண்டு வைத்து மோனோபிளாக் வந்த பிறகும் வயல்காட்டில் பெயர் மாறவில்லை. காபிக்கு டபரா செட், பந்தலுக்கு சீரியல் செட், ஊர்வலத்துக்கு பேண்டு செட், கரகத்துக்கு நையாண்டி மேள செட். கடைசி இரண்டிலும் செட் என்பது ஆட்களின் குழு. பரோட்டா கடையில் ‘ஒரு செட்’ என்றால் பெரும்பாலும் இரண்டு. ‘அவரும் நானும் ஒரே செட்’ என்றால் ஒரே ஆண்டில் சேர்ந்து படித்தவர்கள்.

இத்தனை பொருளும் நமக்கு யார் சொல்லிக் கொடுத்து வந்தவை? யாரும் பட்டியல் போட்டுத் தரவில்லை. கேட்டுக் கேட்டு, பக்கத்தில் எந்தச் சொல் வருகிறது என்பதைக் கொண்டு தானாகப் பிடித்துக்கொண்டோம்.

‘ரேடியோ செட் கட்டு’ என்பதில் உள்ள ‘கட்டு’ என்ற வினையையே பாருங்கள். வீடு கட்டுகிறோம், தாலி கட்டுகிறோம், சேலை கட்டுகிறோம், மாட்டைக் கட்டுகிறோம். பணம் கட்டுகிறோம், பாட்டுக்கு மெட்டுக் கட்டுகிறோம், இல்லாததைக் கதை கட்டுகிறோம். பனியில் தொண்டை கட்டுகிறது. அடுத்த ஊருக்கு நடையைக் கட்டுகிறோம். ஐந்து வயதுப் பிள்ளைகூட இதில் குழம்புவதில்லை. ‘கட்டு’ தெரிந்த நாக்குக்கு ‘செட்’ அஞ்ச வேண்டிய சொல்லே இல்லை என்பதுதான் என் முதல் பாடம்.

ஒரே ஓசை, இரண்டு பிறப்பு

செட் என்ற ஓசைக்குள் இரண்டு வேறு பிறப்புகள் ஒளிந்திருக்கின்றன. அதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஆங்கிலத்தில் உட்காருவதற்கு ‘சிட்’ என்று சொல். பழைய ஆங்கிலத்தில் அது ‘சிட்டன்’. ஒன்றை உட்கார வைப்பதற்கு ‘செட்டன்’. அந்தச் ‘செட்டன்’தான் இன்றைய ‘செட்’ என்ற வினை. இதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விளக்குவது எளிது. நம் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அதேதான். அமர் என்றால் சிட். அமர்த்து என்றால் செட். ஆங்கிலத்தில் இப்படி இன்னும் சில இணைகள் உண்டு. ‘ரைஸ்’ எழு, ‘ரெய்ஸ்’ எழுப்பு. ‘லை’ கிட, ‘லே’ கிடத்து. ‘ஃபால்’ விழு, ‘ஃபெல்’ மரத்தை வெட்டி வீழ்த்து.

ஆக, செட் என்ற வினையின் அடியில் இருப்பது ‘ஒன்றை அதன் இடத்தில் அமர்த்து’ என்ற ஒரே எண்ணம். சாப்பாட்டு மேசையில் தட்டும் டம்ளரும் அமர்த்துவது, அலாரத்தை ஐந்து மணியில் அமர்த்துவது, மோதிரத்தில் கல்லை அமர்த்துவது, விலகிய எலும்பை அதன் இடத்தில் அமர்த்துவது எல்லாம் செட். இந்தப் பக்கம் தமிழில் ‘வை’ என்ற வினை இதே வேலையைச் செய்கிறது. அலாரம் வைக்கிறோம், பொறி வைக்கிறோம், விலை வைக்கிறோம், தேர்வு வைக்கிறோம், தீ வைக்கிறோம். ஐந்துக்கும் ஆங்கிலத்தில் செட் பொருந்தும். சூரியன் மறைவதற்கும் இதே சொல் வந்தது. அமர்வதும் தாழ்வதும் ஒரே எண்ணத்தின் இரண்டு பக்கங்கள். எங்கள் ஊரில் ‘பொழுது அடைஞ்சிருச்சு’ என்பார்கள். கோழி கூட்டில் அடைவது போல் பொழுதும் அடைகிறது.

இரண்டாவது பிறப்பு லத்தீனில். ஒருவரைப் பின்பற்றிச் செல்லும் கூட்டத்துக்கு அங்கே ‘செக்டா’ என்று பெயர். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, குழு, தொகுதி என்ற பொருளில் செட் ஆயிற்று. சமயப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ இதன் உடன்பிறப்பு. ஓசை ஒன்றாக இருந்ததால் இரண்டு பிறப்பும் காலப்போக்கில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ரேடியோ செட், பேண்டு செட் எல்லாம் லத்தீன் வழி வந்த பெயர்ச்சொல். ‘அலாரம் செட் பண்ணு’ என்பது பழைய ஆங்கிலத்து வினை.

கணிதத்துக்குப் போனதும் அந்தப் பெயர்ச்சொல்தான். 1874இல் கெயார்க் கான்டோர் என்ற ஜெர்மன் கணித அறிஞர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து ஒரு புதிய கணிதத் துறை பிறந்தது. ஜெர்மன் மொழியில் அவர் சொன்ன ‘மெங்கெ’ ஆங்கிலத்தில் செட் ஆனது. தமிழ்ப் பாடநூலில் அதற்குக் ‘கணம்’ என்று பெயர். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கணிதத்தில் கண மொழி படிக்கிறார்கள். சிவகணம், பூதகணம் என்று கூட்டத்தைக் குறித்த பழைய சொல் அது. அதே ‘கணம்’ நொடிப்பொழுதையும் குறிக்கிறது. ‘ஒரு கணம் யோசித்தான்’ என்று படிக்கும்போது எந்தப் பிள்ளையும் கணக்குப் புத்தகத்தை நினைப்பதில்லை.

தொல்காப்பியர் தந்த சாவிகள்

சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில் பல பொருள் தரும் ஒரே சொல்லைப் பற்றித் தொல்காப்பியர் பேசுகிறார். அத்தகைய சொல்லின் பொருள் மூன்றால் தெளிவாகும் என்கிறார்: அது கொள்ளும் வினை, அதோடு வரும் இனம், அது வரும் சார்பு. உரையாசிரியர்கள் இதற்கு ‘மா’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். மா என்றால் மரமும் ஆகும், குதிரை முதலிய விலங்கும் ஆகும். மா பூத்தது என்றால் மரம். பூப்பது என்ற வினை காட்டிக்கொடுக்கிறது. மாவும் மருதும் என்று சேர்த்துச் சொன்னால் மருது என்ற இனம் காட்டிக்கொடுக்கிறது. போர்க்கோலம் பூண்டு நிற்பவன் மாவைக் கொண்டுவா என்றால் குதிரை. நிற்கும் சூழல் காட்டிக்கொடுக்கிறது.

வினை, இனம், சார்பு. இந்த மூன்று சாவிகளையும் ஆங்கில வகுப்பின் கரும்பலகையில் எழுதிவைத்து, செட் வரும் வாக்கியங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கச் சொல்கிறேன்.

முதல் சாவி வினை. ‘செட்டை வென்றார்’ என்று விளையாட்டுப் பக்கத்தில் வந்தால் டென்னிஸ். ஆறு கேம், எதிராளியைவிட இரண்டு கேம் கூடுதல் என்பது ஒரு செட்டின் அடிப்படைக் கணக்கு. 2010 விம்பிள்டனில் ஜான் இஸ்னரும் நிக்கோலா மாஹுவும் ஆடிய ஆட்டத்தில் கடைசி செட் மட்டும் 70–68 என்று நீண்டது. ஆட்டம் மூன்று நாள்களில் 11 மணி 5 நிமிடம் நடந்தது. அங்கே கடைசி செட்டில் அப்போது டை பிரேக் கிடையாது. ‘செட்டைப் போட்டார்கள், செட்டைக் கலைத்தார்கள்’ என்றால் சினிமா. 1948இல் ஜெமினி எடுத்த ‘சந்திரலேகா’வின் முரசு நடனத்துக்கு ஏ.கே. சேகர் அமைத்த செட்டைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். 1977இல் ‘16 வயதினிலே’ கிராமத்துக்கே போய் எடுக்கப்பட்டபோது, செட்டை விட்டுத் தமிழ் சினிமா வெளியே வந்தது என்றார்கள். ‘செட்டைப் பழுது பார்த்தார்’ என்றால் ரேடியோவோ டிவியோ. வென்றது, போட்டது, பழுது பார்த்தது என்று வினை மாற மாற செட்டும் மாறுகிறது.

இரண்டாம் சாவி இனம். பக்கத்தில் எலும்பு, மாவுக்கட்டு, எக்ஸ்ரே என்ற சொற்கள் இருந்தால் எலும்பைச் சேர்த்து வைப்பது. நர்சிங் பெண்களுக்கு இது தினசரித் தேவை. ஆனால் அதே ஆஸ்பத்திரியில் ‘டிரெஸ்ஸிங் செட்’ என்றால் புண்ணுக்குக் கட்டுப்போடும் கருவிகளின் தொகுதி. பக்கத்தில் நாற்று, கரும்பு, வெங்காயம் என்று வந்தால் நடுவதற்கு வைத்திருக்கும் துண்டு. கரும்புக் கரணைக்கு ஆங்கிலத்தில் ‘செட்’ என்றுதான் பெயர். கடைசியில் ஒரு ‘டி’ கூட்டி எழுதுவார்கள். 1912இல் தொடங்கிய கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் ஆங்கில வெளியீடு எதைப் புரட்டினாலும் அந்தச் சொல் கண்ணில் படும். மண்ணில் அமர்த்துவது என்ற பழைய வேரே அங்கேயும் வேலை செய்கிறது. பூ, மகரந்தம், தேனீ என்று வந்தால் ‘ஃப்ரூட் செட்’ என்பது காய் பிடிப்பு. விவசாய வீட்டுப் பிள்ளைக்குக் காய் பிடிப்பது தெரியும். அதற்கு ஆங்கிலத்திலும் இத்தனை சின்னச் சொல்தான் என்று தெரியும்போது அந்த முகத்தில் வரும் தைரியத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

மூன்றாம் சாவி சார்பு. எங்கே, யார், எதற்காகச் சொல்கிறார்கள் என்பது. விளையாட்டு விழாவில் ‘செட்’ என்ற குரல் கேட்டால் ஓட்டக்காரர்கள் அசையாமல் தயார் நிலைக்கு வர வேண்டும். இது 400 மீட்டர் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டும் உரிய கட்டளை. அதற்கு மேற்பட்ட தூரங்களில் ‘ஆன் யுவர் மார்க்ஸ்’ சொன்னதும் நேரே துப்பாக்கிச் சத்தம்தான். நடுவில் செட் கிடையாது.

கட்டட வேலையில் அதே சொல்லுக்கு வேறு உயிர். மேஸ்திரி ஒரு சிமென்ட் மூட்டையின் விவரத்தாளைக் கொண்டுவந்தார். அதில் ‘செட்டிங் டைம்’ என்று இரண்டு இடத்தில் இருந்தது. சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு இந்தியத் தரவிதிப்படி தொடக்க இறுக்கம் 30 நிமிடத்துக்கு முன்னால் வரக்கூடாது. முழு இறுக்கம் 600 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. பிரெஞ்சுப் பொறியாளர் விக்காவின் பெயர் தாங்கிய ஊசிக் கருவியைச் சிமென்ட் குழைவில் இறக்கி இதை அளக்கிறார்கள். சிமென்ட் ஆக்குவதற்காகக் கிளிங்கரை அரைக்கும்போது ஜிப்சம் சேர்க்கிறார்களே, அது தண்ணீர் பட்டவுடனே இறுகிவிடாமல் தடுப்பதற்காகத்தான்.

இங்கே ஆங்கிலம் ஒரு நுட்பமான கோடு போடுகிறது. ‘செட்டிங்’ என்பது குழைவு போய் வடிவம் நிலைப்பது. ‘ஹார்டனிங்’ என்பது அதற்குப் பிறகு நாள்கணக்கில் வலுவேறுவது. கான்கிரீட்டின் பலத்தை 28 நாள் கணக்கில் சோதிப்பது இந்த இரண்டாவதற்காக. பேச்சில் இரண்டையும் ‘இறுகிருச்சு’ என்றே சொல்கிறோம். செட் ஆனதை வலுவேறியது என்று எடுத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினால் தளம் பலவீனப்படும். செட் ஆகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் விட்டுக் குழைத்தாலும் அப்படியே. “அப்ப செட் ஆனதுக்கு அப்புறந்தான் டீச்சர் வேலையே இருக்கு” என்றார் மேஸ்திரி. அதைவிடத் தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

சாவி திறக்காத இடம்

தொல்காப்பியர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். எல்லாப் பொருளுக்கும் பொதுவான வினையைக் கொண்டு சொன்னால் பொருள் தெளியாது. அங்கே சொல்பவர் விரித்துச் சொல்ல வேண்டும். மா விழுந்தது என்றால் மரமா, விலங்கா? ‘மாமரம் விழுந்தது’ என்று சொன்னால்தான் ஐயம் தீரும்.

இந்த எச்சரிக்கை நமக்குப் பெரிதும் தேவைப்படும் இடம் வங்கியும் நீதிமன்றமும். அங்கே வரும் தாள்களில் செட் தனியாக வராது. ஆஃப், அசைட் என்று ஒரு சிறு வாலோடு வரும். வால் மாறினால் பொருள் அடியோடு மாறும்.

‘செட் ஆஃப்’ என்றால் பயணம் புறப்படுவது. வெடியோடு வந்தால் வெடிக்க வைப்பது. கடன் பத்திரத்தில் வந்தால் இரண்டும் இல்லை. நீங்கள் வங்கிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிக்கு, அதே வங்கியில் உங்கள் கணக்கில் இருக்கும் பணத்தை ஈடாக எடுத்துக்கொள்ளும் உரிமை அது. வருமான வரிக் கணக்கில் வந்தால், ஒன்றில் ஏற்பட்ட நட்டத்தை இன்னொன்றின் வருமானத்தில் கழிப்பது. கடன் வாங்கும் அவசரத்தில் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு சொல்லைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுவது ஒவ்வொருவரின் உரிமை.

‘செட் அசைட்’ இன்னும் முக்கியமானது. வீட்டுச் செலவுக் கணக்கில் ‘பணத்தை செட் அசைட் பண்ணினோம்’ என்றால் ஒதுக்கி வைத்தோம். இந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு ‘தீர்ப்பு செட் அசைட் செய்யப்பட்டது’ என்று படித்தால், தள்ளி வைத்திருக்கிறார்கள், பிறகு பார்ப்பார்கள் என்றுதான் தோன்றும். நீதிமன்றத்தில் அதற்கு நீக்கறவு செய்தார்கள், ரத்தாகிவிட்டது என்று பொருள். ஒரு வழக்கில் நாம் வாய்தாவுக்குப் போகாததால் எக்ஸ்பார்ட்டி ஆக்கித் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ரத்து செய்யக் கேட்கும் மனுவுக்கு, காலவரம்புச் சட்டம் 30 நாள் தருகிறது. சம்மன் முறையாகச் சேராதிருந்தால் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாள். ஒதுக்கி வைத்ததற்கும் ரத்து செய்ததற்கும் உள்ள வேறுபாட்டை அறியாத குடும்பம் அந்த 30 நாளை இழந்தால் நிலமே போகலாம். ஆங்கிலப் பாடம் மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியதன்று என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

வாலோடு வரும் மற்றவை இவ்வளவு ஆபத்தானவை அல்ல. ‘செட் இன்’ என்றால் வந்து நிலைகொள்வது. ஜூன் 1ஐ ஒட்டிக் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது ஆங்கிலப் பத்திரிகைகளில் இது தவறாமல் வரும். ‘செட் அப்’ என்றால் நிறுவுவது. ‘செட் பேக்’ என்றால் பின்னடைவு. அதுவே கட்டட வரைபடத்தில் வந்தால் எல்லைக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டிய காலி இடம். மறுபடியும் சார்பு.

நேற்றும் இன்றும் ஒரே உருவம்

செட் என்ற வினைக்கு இன்னொரு குணம் உண்டு. இறந்தகாலத்திலும் அது செட்தான். பிள்ளைகள் ‘செட்டட்’ என்று எழுதுவது இயல்பு. வைத்தான், வைக்கிறான், வைப்பான் என்று ஒவ்வொரு காலத்துக்கும் தனி அடையாளம் வைக்கும் மொழி பேசுகிறவர்கள் நாம். ஆங்கிலத்திலும் பழைய காலத்தில் அந்த அடையாளம் இருந்தது, ‘செட்டெ’ என்றார்கள். வேரிலேயே ‘ட்’ ஓசை இருந்ததால் விகுதியின் ‘ட்’ அதோடு ஒட்டிக்கொண்டது. பிறகு கடைசி உயிரும் தேய்ந்து உதிர்ந்தது. கட், ஹிட், புட், ஷட், லெட் என்று ‘ட்’ ஓசையில் முடியும் பல சிறு வினைகளும் இன்று இப்படித்தான் நிற்கின்றன. நேற்று, நாளை, தினமும் போன்ற சொற்களைப் பார்த்துத்தான் காலம் அறிய வேண்டும். காலத்தைக்கூடப் பக்கத்துச் சொல்லிடம் கேட்க வேண்டிய வினை இது.

நாம் சேர்த்த பொருள்

நம் பேச்சில் இந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் இல்லாத பொருளும் வளர்ந்திருக்கிறது. ‘அந்த ஊர்த் தண்ணி எனக்குச் செட் ஆகல’, ‘அந்த வேலை அவனுக்குச் செட் ஆகாது’, ‘சட்டை நல்லா செட் ஆயிருக்கு’ என்கிறோம். ஒத்துப்போவது, பொருந்துவது என்ற பொருள் இது. உரிய இடத்தில் அமர்வது என்ற வேரிலிருந்து தமிழர்கள் தாமாக வளர்த்தெடுத்த கிளை. இதை நான் குறையாகக் கருதவில்லை. வாங்கிய சொல்லை வாழ வைக்கும் மொழிதான் இப்படிச் செய்யும். ஆனால் வேலைக்கான நேர்காணலில் இதையே ஆங்கில வாக்கியமாகச் சொன்னால் எதிரில் இருப்பவருக்குப் புரியாது. அங்கே தண்ணீர் உடம்புக்கு ‘அக்ரீ’ ஆகவில்லை, வேலை எனக்கு ‘சூட்’ ஆகவில்லை என்று சொல்ல வேண்டும். தமிழ்ச் செட் தமிழுக்குள் நன்றாக இருக்கட்டும்; ஆங்கிலச் செட்டுக்கு ஆங்கிலத்தின் துணைச்சொற்கள் வேண்டும்.

அகராதியை எப்படித் திறப்பது

சொல்லின் பொருள் அது சேர்ந்து வரும் சொற்களில் இருக்கிறது என்று இருபதாம் நூற்றாண்டில் வலியுறுத்தியவர் ஜே.ஆர். ஃபர்த் என்ற ஆங்கில மொழியியலர். லாகூரில் பல ஆண்டுகள் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். ஆர்டன் எழுதிய தமிழ் இலக்கண நூலுக்காகத் தமிழ் ஒலிப்பைப் பற்றி 1934இல் ஒரு பகுதி எழுதித் தந்தவர். அவர் வழியில் வந்த ஜான் சின்க்ளேர் பர்மிங்காமில் இருந்து 1987இல் கோபில்ட் அகராதியைக் கொண்டுவந்தார். உண்மையில் மக்கள் எழுதிய, பேசிய வாக்கியங்களைக் கணினியில் திரட்டி, ஒரு சொல் எவற்றோடு வருகிறது என்று பார்த்து, முழு வாக்கியத்திலேயே பொருள் சொல்லும் அகராதி அது. தமிழில் 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்கு இடம் தந்தது. பிள்ளைகளுக்கு அகராதி வாங்கித் தர நினைக்கும் பெற்றோர் இப்படி வாக்கியம் தரும் அகராதியாகப் பார்த்து வாங்குங்கள். சொல்லுக்கு எதிரே ஒற்றைச் சொல்லைப் போட்டிருக்கும் சின்ன அகராதி, செட் போன்ற சொல்லுக்கு உதவாது.

இன்று செட்டின் முதலிடமும் போய்விட்டது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் மூன்றாம் பதிப்புக்காகத் திருத்தி எழுதியபோது ‘ரன்’ என்ற வினைக்கு 645 பொருள் கண்டார்கள். ஓட்டம் என்று ஒரே பொருளை எழுதி மனப்பாடம் செய்யும் பிள்ளை மீதி 644 இடங்களிலும் தடுமாறும். கெட், டேக், புட், மேக் எல்லாம் இந்த வகைதான். கடினமான நீண்ட சொற்களுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு பொருளே இருக்கும். அகராதியைத் திறந்தால் தீர்ந்தது. தினமும் கண்ணில் படும் சிறு சொற்களில்தான் மொழியின் பெரும்பகுதி இருக்கிறது.

அதனால் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. சொல், பொருள் என்று இரண்டு பத்திப் பட்டியல் எழுத வைப்பதைக் குறையுங்கள். வாரத்துக்கு ஒரு சிறு சொல்லை எடுத்து, செய்தித்தாளில் இருந்தும், மருந்துச் சீட்டில் இருந்தும், மோட்டார் கையேட்டில் இருந்தும் அது வரும் வாக்கியங்களைப் பிள்ளைகளையே கொண்டுவரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் வினை எது, இனம் எது, சார்பு எது என்று கேளுங்கள். தாய்மொழியில் இந்த வேலையை நாள்தோறும் செய்துகொண்டிருக்கிற பிள்ளைகள் அவர்கள். அந்தத் திறமை ஆங்கிலத்துக்கும் செல்லும் என்று ஒருமுறை காட்டிவிட்டால், ‘எனக்கு இங்கிலீஷ் வராது’ என்ற பேச்சை விட்டுவிட்டு, அடுத்த வாக்கியத்தைத் தாங்களே வாசித்துப் பார்ப்பார்கள்.